பாசி விளைந்த கரையில் ஒரு குடியிருப்பு

வைகறைப் பொழுதில் மன்னார் வளைகுடாவின் கரையோரமாக நடப்பவர்கள் ஒரு காட்சியைக் காணாமல் திரும்ப இயலாது. இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, விரல்களில் துணியையோ ரப்பர்த் துண்டுகளையோ இறுகச் சுற்றிக்கொண்டு, கண்களுக்குக் கண்ணாடி அணிந்து, பெண்கள் கூட்டங் கூட்டமாகக் கடலுக்குள் இறங்குவர். நீருக்கடியில் பாறைகளைப் பற்றிக்கொண்டு வளரும் பாசியை மூச்சடக்கிப் பறித்து வருவதே அவர்களது தொழில். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை என அவர்கள் பெயரிட்டு அழைக்கும் இப்பாசிகள் கரையில் உலர்த்தப்பட்டு ஆலைகளுக்குச் செல்கின்றன. வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை தொடங்கிப் பாம்பன் வரையிலுள்ள கரையோரச் சிற்றூர்களில் எத்தனையோ வீட்டு அடுப்புகள் இந்தப் பாசியால் எரிகின்றன.

பாசியை நம்பி வாழ்ந்த கரை உலகில் நம்முடையது மட்டும் அன்று. கீழ்த்திசையில், ஜப்பான் நாட்டுத் தலைநகராம் டோக்கியோவின் ஓரத்திலும் அத்தகைய கரை ஒன்று இருந்தது. இன்று அங்கே பாசி பறிப்பார் இல்லை. பாசி விளைந்த கடலின் பெரும்பகுதியே மண்ணாகி, அம்மண்ணின்மீது அடுக்குமாடி வீடுகள் எழுந்து நிற்கின்றன. அந்த வீடுகளிலும் அவற்றை அடுத்த தெருக்களிலும் இன்று ஆயிரக்கணக்கான இந்தியர் குடியிருக்கின்றனர். அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவ்விடத்தின் பெயர் நிஷிகசாய்.

கடல் தாண்டிச் சென்ற பிள்ளைகளின் கடிதத்திற்கும் தொலைபேசிக் குரலுக்கும் காத்திருக்கும் பெற்றோர் இன்று நம் பங்குகளில் பலர். பிள்ளைகள் வாழும் ஊர் எப்படிப்பட்டது, அந்த மண்ணின் வரலாறு யாது என்று அறிந்துகொள்வது அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். அதனினும் மேலாக, அந்தக் குடியிருப்பின் கதையில் நம் கரையோரக் குடும்பங்கள் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஆகவே, வாலிநோக்கத்துக் கரையில் நின்றவண்ணம் நிஷிகசாயைச் சற்று நோக்குவோம்.

இரு கரைகளையும் இணைத்த ஆண்டு

ஜப்பான் நமக்கு முற்றிலும் அயல்நாடு அன்று. 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்து, வேம்பாறு முதலிய கடற்றுறைகளில் மணிகையில் ஏந்தித் திரிந்து சிறுவர்களுக்கு மந்திரங்களைக் கற்பித்த புனித சவேரியாரே, 1549-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, ஜப்பானின் தென்கோடியிலுள்ள ககோஷிமாவில் கரையிறங்கினார். அதே 1549-ஆம் ஆண்டில்தான் அவருடைய துணைவரான அந்தோனி கிரிமினாலி அடிகளார், மண்டபத்திற்கு அருகிலுள்ள வேதாளையில் தம் மக்களைக் காக்க நின்றபொழுது கொல்லப்பட்டார். ஒரே ஆண்டில் நம் இராமநாதபுரக் கரை ஒரு குருவின் இரத்தத்தால் நனைந்தது. ஜப்பான் கரை மற்றொரு குருவின் காலடியைப் பெற்றது. ஜப்பானில் கத்தோலிக்கர் இன்றும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆயினும் அங்கு விசுவாசம் அணையவில்லை. நாம் பேசும் கசாய் பகுதியிலும் கத்தோலிக்க ஆலயம் ஒன்று உண்டு.

கடலில் வேளாண்மை

டோக்கியோவின் கிழக்கெல்லையில் எடோகவா என்னும் வட்டம் உள்ளது. ஏறத்தாழ ஏழு லட்சம் மக்கள் வாழும் நகர்ப்பகுதி அது. அதன் தென்பாதிக்குக் கசாய் என்று பெயர். மேற்கே அராகவா ஆறும், கிழக்கே பழைய எடோ ஆறும் பாய, தெற்கே டோக்கியோ விரிகுடா விளங்குகிறது. "நிஷி" என்றால் அவர்கள் மொழியில் மேற்கு. ஆக, நிஷிகசாய் என்பது மேலைக் கசாய். 1932-ஆம் ஆண்டு டோக்கியோ மாநகருடன் இணைக்கப்படும்வரை கசாய் ஒரு கிராமமாகவே இருந்தது.

ஆறுகள் இரண்டும் கொணர்ந்து சேர்த்த வண்டலால் கசாயின் முன்னே கடல் நெடுந்தூரம் ஆழமற்றுக் கிடந்தது. வற்று நேரத்தில் மணல்திட்டுகள் வெளிப்படும். சிப்பியும் மட்டியும் கைக்கு எட்டும். அம்மக்களின் பெருஞ்செல்வமோ "நோரி" என்னும் பாசி. இலையுதிர்காலத்தில் மரக்கிளைகளையும் மூங்கில் கழிகளையும் ஆழமற்ற கடலில் வரிசையாக நட்டு வைப்பர். நீரில் மிதந்து வரும் பாசி வித்துகள் அவற்றில் ஒட்டி முளைக்கும். கடுங்குளிர் மாதங்களில் அது தழைத்து வளரும். ஒருவர் மட்டுமே அமரக்கூடிய சிறு படகில் சென்று, உறைபனி போன்ற நீரில் வெறுங்கையை இட்டுப் பறித்து வரவேண்டும். பறித்ததைப் பொடியாக நறுக்கி, நீரில் கலக்கி, சிறு பாய்களின்மீது காகிதம் செய்வதுபோல் மெல்லியதாகப் பரப்பி, வெயிலில் உலர்த்துவர். கருநிறத் தாள்போல் உரிந்து வரும் அந்தப் பாசியில்தான் ஜப்பானியர் சோற்றுருண்டையைச் சுற்றி உண்கின்றனர்.

பறிப்பதற்கு ஆடவர் சென்றால், நறுக்குவதும் பரப்புவதும் உலர்த்துவதும் பெண்களும் சிறுவரும் சேர்ந்து செய்யும் வேலை. விடியுமுன் எழுந்து, குளிரில் விரல்கள் வெடிக்க உழைத்த அத்தாய்மாரின் கைகளும், பாறையில் உராய்ந்து கீறுண்ட நம் வாலிநோக்கத்துத் தாய்மாரின் கைகளும் ஒரே உழைப்பின் தழும்பைத் தாங்கியவை அன்றோ!

கடல் கறுத்த ஆண்டு

போருக்குப் பின்னர் ஜப்பான் வெகு விரைவாகத் தொழில் வளம் பெற்றது. அந்த வளத்தின் விலையை முதலில் கொடுத்தவர்கள் கரையோர மக்களே. 1958-ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் எடோ ஆற்றங்கரையிலிருந்த காகித ஆலை ஒன்று கரிய கழிவுநீரை ஆற்றில் விட்டது. ஆறு அதைக் கடலுக்குக் கொண்டு சேர்த்தது. மீன்கள் மிதந்தன; சிப்பிகள் செத்தன. அண்டையிலுள்ள உராயாசு மீனவர்கள் முறையிட்டுப் பார்த்தனர், பயனில்லை. ஜூன் 10-ஆம் நாள் அவர்கள் திரண்டு சென்று ஆலைக்குள் புகுந்தனர். காவலருடன் கைகலப்பு மூண்டது, பலர் காயமுற்றனர். நாடே இச்செய்தியால் அதிர்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள், டிசம்பர் மாதத்தில், ஆறு கடல் நீரின் தூய்மையைக் காக்கவும் ஆலைக் கழிவுகளைக் கட்டுப்படுத்தவும் இரண்டு சட்டங்கள் ஜப்பானில் இயற்றப்பட்டன. அவ்வகையில் அந்நாட்டிற்கு அவையே முதற் சட்டங்கள்.

சட்டம் வந்தது, கடல் தேறவில்லை. துறைமுகத்தை விரிவாக்கவும், ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் இடம் காணவும், விரிகுடாவையே தூர்க்கும் திட்டங்கள் வகுக்கப்பட்டன. இறுதியில் 1962-ஆம் ஆண்டு டோக்கியோ மீனவர்கள் இழப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டு, தங்கள் மீன்பிடி உரிமையைக் கைவிட்டனர். பாட்டன் பூட்டன் காலமாக விளைந்த கடல் ஒரு கையொப்பத்தோடு கைமாறிற்று. பணம் கிடைத்தது என்பது உண்மை. ஆனால், மறுநாள் விடியலில் எழுந்து எங்கே போவது என்ற கேள்விக்கு அந்தப் பணம் விடை சொல்லியிருக்குமா?

மண்ணும் தாழ்ந்தது

கடல் மட்டுமா போயிற்று? காலடியிலிருந்த மண்ணும் தாழத் தொடங்கிற்று. ஆலைகளுக்காக நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தனர். அந்நீரோடு கலந்து கிடந்த எரிவாயுவையும் உறிஞ்சி எடுத்தனர். உள்ளீடு வற்றிய பஞ்சைப்போல் நிலம் அமுங்கியது. நிஷிகசாயின் ஒரு பகுதியில் 1968-ஆம் ஆண்டு மட்டும் நிலம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் தாழ்ந்தது. ஒரே ஆண்டில் ஒரு சாண் அளவு! கரையோரத்தில் தனியாருக்குச் சொந்தமாயிருந்த நிலங்கள் நீருக்குள் மறைந்தன. 1972-இல் டோக்கியோ மாநகர ஆட்சி, வாயு எடுக்கும் உரிமையைத் தானே விலைகொடுத்து வாங்கி, அத்தொழிலை நிறுத்திய பின்னரே நிலம் தாழ்வது தணிந்தது. தாழ்ந்த மண் மீண்டும் உயரவில்லை. இன்றும் எடோகவா வட்டத்தின் பெரும்பகுதி கடலின் ஏற்றநீர் மட்டத்திற்குக் கீழேதான் கிடக்கிறது. அணைக்கரைகளே அதைக் காக்கின்றன. பெருவெள்ளம் வருமென அறிந்தால் வட்டத்தைவிட்டே வெளியேறுமாறு மக்களுக்கு அறிவுறுத்தும் வரைபடத்தை வட்ட நிர்வாகம் 2019-இல் வீடுதோறும் அளித்தது.

இதைப் படிக்கும் நம் கரையோர வாசகர்களுக்கு நம்முடைய தீவுகள் நினைவுக்கு வந்திருக்கும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்பிற்காகவும் கட்டடத்திற்காகவும் பவளப்பாறைகளை வெட்டி வெட்டி எடுத்ததன் விளைவாக அலையைத் தடுக்க அரண் இல்லாமற்போயிற்று. கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்த பூவரசன்பட்டித் தீவும், தூத்துக்குடித் தொகுதியைச் சேர்ந்த விலங்குச்சல்லித் தீவும் நீருக்குள் மறைந்தன. அங்கே வாயுவை எடுத்ததால் ஊர் தாழ்ந்தது. இங்கே பவளத்தை எடுத்ததால் தீவு மறைந்தது. அடியில் இருப்பதை எடுத்தால் மேலே இருப்பது நிற்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கடல்மேல் எழுந்த வீடுகள்

1969-ஆம் ஆண்டு டோக்கியோவின் நடுப்பகுதியிலிருந்து கசாய் வழியாக "தோசாய்" என்னும் நகர இரயில் பாதை திறக்கப்பட்டது. 1979 அக்டோபர் முதல் நாள் நிஷிகசாய்க்கெனத் தனி நிலையம் அமைந்தது. இதற்கிடையே 1972-இல், நீரில் மூழ்கிய நிலங்களையும் சேர்த்து, கடலை மேடாக்கிப் புதிய நகர்ப்பகுதி அமைக்கும் பெருந்திட்டம் தொடங்கிற்று. ஏறத்தாழ 380 ஹெக்டேர் நிலப்பரப்பைக் கொண்டது அத்திட்டம். நோரிக் கழிகள் நின்ற இடத்தில் பதினான்கு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. பள்ளிகள், பூங்காக்கள், நிழற்சாலைகள் அமைந்தன. நகருக்குள் நெருக்குண்டு வாழ்ந்த இளங்குடும்பங்கள் வந்து குடியேறின.

அக்காலத்தில், 1978-ஆம் ஆண்டு, கல்கத்தாவிலிருந்து ஜக்மோகன் சந்திராணி என்பவர் ஜப்பான் வந்தார். தேயிலை வணிகரான அவர், சரக்கு வைக்க வசதியான இடம் தேடி நிஷிகசாயில் குடியேறினார். அப்பொழுது அங்கே இந்தியர் என்று சொல்ல வேறு யார் இருந்தார்? இருபது ஆண்டுகள் கழித்து நிலைமை மாறிற்று. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்பொழுது கணிப்பொறிகள் ஆண்டைத் தவறாகக் கணக்கிட்டுவிடும் என்று உலகமே அஞ்சியது நினைவிருக்கலாம். அக்குறையைச் சீராக்க ஜப்பானிய வங்கிகளும் நிறுவனங்களும் இந்தியப் பொறியாளர்களை வரவழைத்தன. அவர்கள் வேலை செய்த வணிகப் பகுதிக்கு நிஷிகசாயிலிருந்து வண்டி மாறாமல் இருபது நிமிடங்களுக்குள் போய்விடலாம். ஆதலால் அவர்கள் அங்கே வந்திறங்கினர்.

பிணை நிற்பவர் யார்?

வந்தவர்களுக்கு முதல் இடர் வீடு. ஜப்பானில் வீடு வாடகைக்குப் பெறுவது எளிதன்று. முன்பணம் ஒருபுறமிருக்க, வீட்டுக்காரருக்கு நன்றிக் காணிக்கையாக ஒன்றிரண்டு மாத வாடகையைத் திரும்பாத தொகையாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, வாடகைக்கு வருபவருக்காகக் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கும் பிணையாள் ஒருவர் வேண்டும். அயல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய இளைஞனுக்குப் பிணை நிற்பவர் யார்? மொழி தெரியாது; உறவில்லை; உண்ணும் உணவும் வேறு. அயல்நாட்டவர் என்று கேட்டதும் கதவைச் சாத்தியவர்களும் உண்டு.

இரண்டு வழிகள் திறந்தன. ஒன்று, பொதுத்துறையின் அடுக்குமாடிக் குடியிருப்புகள். அங்கே பிணையாள் வேண்டியதில்லை. நன்றிக் காணிக்கையும் இல்லை. குறித்த வருமானமும் முறையான அனுமதியும் இருந்தால் இன்ன நாட்டவர் என்று பாராமல் வீடு கிடைக்கும். கடலைத் தூர்த்து எழுப்பிய வீடுகள் பல இத்தகையவையே. மற்றொன்று, முன்னே வந்தவரின் கை. சந்திராணி அவர்கள் வீடு தேடி அலைந்த இளைஞர்களுக்காக வீட்டுக்காரர்களிடம் பேசினார். மரக்கறி உணவு கிடைக்காமல் வருந்தியவர்களுக்காக உணவுக்கூடம் ஒன்றைத் திறந்தார். எடோகவா வாழ் இந்தியர்களுக்கென ஒரு சங்கத்தையும் அமைத்தார். தனித்திருந்தவர்கள் அச்சங்கத்தால் ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர்.

பின்னர் இளைஞர்கள் திருமணம் முடித்துத் துணைவியரை அழைத்து வந்தனர், குழந்தைகள் பிறந்தனர். 2006-இல் இந்தியப் பாடத்திட்டத்தில் கற்பிக்கும் பன்னாட்டுப் பள்ளி ஒன்று எடோகவா வட்டத்தில் தொடங்கப்பட்டது. 2011 மார்ச்சு 11-இல் பெருநிலநடுக்கம் தாக்கியபொழுது, அண்டையிலுள்ள உராயாசுவில் தூர்த்த நிலம் கூழ்போல் குழைந்தது. அஞ்சித் தாயகம் திரும்பியோர் பலர். ஆயினும் அக்குடியிருப்பு கலைந்துவிடவில்லை. 2019-இல், அங்கே குடியிருந்து ஜப்பானியக் குடியுரிமை பெற்ற புராணிக் யோகேந்திரா என்னும் மராட்டியர் எடோகவா வட்ட மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2020-களில் அவ்வட்டத்து இந்தியர் தொகை 5,000-ஐத் தாண்டியது. 2024 ஜூலையில் அங்கே காந்தியடிகளின் மார்பளவுச் சிலை திறந்து வைக்கப்பட்டது.

தெருக்களில் ஒரு நடை

வாசகர்களே, மனத்தால் அத்தெருக்களில் சற்று நடந்து வருவோம். தெருக்களுக்குப் பெயர் இல்லை. பகுதி எண், மனை எண், வீட்டு எண் என்று எண்களாலேயே முகவரி அமைகிறது. மாடி முகப்புகளில் மெத்தைகள் வெயில் காய்கின்றன. சிறுவர்கள் பெற்றோர் துணையின்றிக் கூட்டமாகப் பள்ளிக்கு நடக்கின்றனர். எரியும் குப்பை, எரியாக் குப்பை, புட்டி, தகரம், பழந்தாள் என்று குப்பை பிரிக்கப்படுகிறது. இன்ன நாளில் இன்னதை மட்டுமே வெளியே வைக்கலாம். நாள் தவறி வைத்த பை எடுக்கப்படாமல் கிடக்கும்; வைத்தவருக்கு வெட்கமாக இருக்கும். புதிதாக வந்த நம்மவர் பலர் முதலில் கற்றுக்கொள்ளும் ஜப்பானியப் பாடம் இதுவே எனலாம்.

ஒவ்வொரு பகுதிக்கும் குடியிருப்போர் சங்கம் உண்டு. அறிவிப்புப் பலகை ஒன்று வீடு வீடாகக் கைமாறிச் செல்லும்; படித்தவர் ஒப்பமிட்டு அடுத்த வீட்டில் கொடுக்கவேண்டும். தெருவைத் துப்புரவு செய்ய ஒரு நாள், நிலநடுக்கப் பயிற்சிக்கு ஒரு நாள், கோடை விழாவிற்கு ஒரு நாள் என்று அண்டை வீட்டார் கூடுகின்றனர். மாலையானதும் ஒலிபெருக்கிகளிலிருந்து மெல்லிய இசை ஊரெங்கும் பரவுகிறது. விளையாடும் சிறுவர் வீடு திரும்பவேண்டிய நேரம் அது. மாலை மணியோசை கேட்டுத் திரிகால செபம் சொல்லிப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த இசை கேட்கும்பொழுது எந்த ஊர் நினைவுக்கு வரும் என்பதை நாம் சொல்லவேண்டுமோ?

நிலையத்தை ஒட்டிய கடைகளில் பருப்பும் புளியும் மிளகாய்த்தூளும் கிடைக்கின்றன. இட்டிலி, தோசை விற்கும் உணவகங்கள் உள்ளன. டோக்கியோ தமிழ்ச் சங்கத்தார் பொங்கல் விழா எடுக்கின்றனர். எனினும் பிள்ளைகள் பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி எனத் தடுமாறுவதும், பெற்றோர் ஊரில் நோயுற்றால் உடனே வர இயலாமல் மனம் புழுங்குவதும் அங்கும் உண்டு. வசதியான வீடு, ஏக்கம் இல்லாத வீடு ஆகிவிடுவதில்லை.

திரும்பி வந்த ஒரு துண்டுக் கரை

கடலைத் தூர்த்தவர்களே பின்னர் கடலுக்காக ஏங்கினர் என்பதுதான் இக்கதையின் வியப்பான பகுதி. கசாய்ப் பகுதியில் சாக்கடையாகிப்போன வாய்க்கால் ஒன்றை மூடிவிடாமல், தூர்வாரித் தெளிநீர் விட்டு, சிறுவர் கால் நனைத்து விளையாடும் ஓடைப் பூங்காவாக 1973-இல் மாற்றினர். ஜப்பானில் அத்தகைய பூங்கா அதுவே முதலாவது. தூர்த்த நிலத்தின் கடலோரத்தில் 1989-இல் பெரிய பூங்கா ஒன்றும் கடல்வாழ் உயிர்க் காட்சியகமும் திறக்கப்பட்டன. அதற்கு முன்னே செயற்கையாக இரண்டு மணற்கரைகளை அமைத்து, ஒன்றை மக்களுக்கும் மற்றொன்றைப் பறவைகளுக்கும் விட்டனர். ஊர் மக்களின் தன்னார்வ முயற்சியால் நீரைத் தூய்மைப்படுத்தி, 2015-ஆம் ஆண்டு கோடையில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், சிறுவர்கள் அங்கே கடலில் இறங்கி நீராட அனுமதிக்கப்பட்டனர். 2018 அக்டோபரில் அந்தக் கரைப்பகுதி ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாகப் பதிவு செய்யப்பட்டது.

எண்ணிப் பாருங்கள். இயற்கை இலவசமாகத் தந்த கரையை அழித்து, அரை நூற்றாண்டு காலம் பொருளும் உழைப்பும் செலவிட்டு, அதில் ஒரு துண்டைத்தான் அவர்களால் திரும்பப் பெற முடிந்தது. அதுவும் ஜப்பானைப் போன்ற செல்வ நாட்டினால்! நாம் இழந்தால் திரும்பப் பெற எத்தனை தலைமுறை ஆகுமோ?

நம் கரைக்கு ஒரு சொல்

மீண்டும் வாலிநோக்கத்துக்கு வருவோம். இந்தக் கரையும் மாறாமல் இருந்ததில்லை. 1974-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் மாரியூர் முதல் வாலிநோக்கம் வரை விரிந்து கிடக்கின்றன. பலருக்கு வேலை தருகின்றன. பழைய கப்பல்களை உடைக்கும் தளமும் இங்கு ஒரு காலத்தில் இயங்கியது. 1986-இல் தீவுகளும் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாயின. 2001-இல் பவளப்பாறைகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தன. தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கத் தடை வந்தபொழுது அப்பெண்கள் பட்ட துன்பமும் உண்மையே. கடலைக் காப்பதும் கடலை நம்பியவர்களைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையாகிவிடக் கூடாது. கசாயில் இரண்டும் ஒருசேரக் கைவிடப்பட்டன. இங்கே இரண்டையும் ஒருசேரக் காக்க வழி காண்பதே அறிவுடைமை. பாசியை வேரோடு பிய்க்காமல் தழையை மட்டும் கிள்ளுவதும், வளரும் பருவத்தில் கை வைக்காமல் விடுவதும் நம் தாய்மாருக்குத் தெரிந்த முறைகளே. திட்டம் தீட்டுவோர் முதலில் அவர்களிடம் கேட்கவேண்டும். நாளை நம் ஊருக்கும் யாரேனும் இழப்பீட்டுத் தாளை நீட்டினால், கையொப்பமிடுமுன் கசாயை நினைத்துக்கொள்வோமாக.

மற்றொன்றும் சொல்லவேண்டும். நம் பிள்ளைகளுக்கு அயல்நாட்டில் யாரோ ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். யாரோ ஒருவர் அவர்களுக்காகப் பேசினார். குப்பையை எப்படிப் பிரிப்பது என்று அடுத்த வீட்டு முதியவர் ஒருவர் பொறுமையோடு காட்டித் தந்திருப்பார். அச்செய்தி கேட்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் நம் வாயிலில் வந்து நிற்பவர்களுக்கு நாம் யார்? 1980-கள் தொட்டு ஈழத்துச் சகோதரர்கள் படகேறி வந்து இதே கரையில் இறங்கினர். மண்டபம் முகாமில் தங்கினர். 2022-இலும் பசிக்கும் விலைவாசிக்கும் அஞ்சிக் கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடி மணல்திட்டில் வந்திறங்கியவர்கள் உண்டு. வடநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வரும் இளைஞர்கள் இன்று நம் ஊர்க் கட்டட வேலைகளிலும் உணவு விடுதிகளிலும் உழைக்கின்றனர். வாடகைக்கு வீடு கேட்டு அவர்கள் வரும்பொழுது, "உன்னை எங்களுக்குத் தெரியாதே, உனக்கு யார் பொறுப்பு?" என்று நாமும் கேட்கிறோம் அல்லவா? டோக்கியோவில் நம் மகன் கேட்டுத் தலைகுனிந்த அதே கேள்வி அது.

ஆண்டவர் அந்நியரில் தம்மைக் காணச் சொன்னார். அதைத் திருப்பலியில் கேட்கிறோம், தலையசைக்கிறோம். அடுத்த முறை நம் பங்கில் முகந்தெரியாத குடும்பம் ஒன்று வந்து குடியேறினால், அவர்களுக்காக ஒரு வீட்டுக்காரரிடம் நாம் ஒரு சொல் சொல்வோம். ஞாயிறன்று ஆலயத்தில் அவர்கள் அருகே அமர்வோம். ஒரு வேளை உணவிற்கு அழைப்போம். பிணை நிற்பது என்பது அவ்வளவுதான்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் வாலிநோக்கத்துக் கரையில் பாசி உலரும் மணம் எழுகிறது. கடலிலிருந்து திரும்பிய பெண்கள் விரல்களில் சுற்றிய துணியை அவிழ்க்கின்றனர். அவர்களுள் ஒருத்தியின் மகன் நாளை எந்த நாட்டு அடுக்குமாடியில் குடியிருப்பானோ, நாம் அறியோம். அவன் திரும்பி வரும் நாளில் இந்தக் கடல் இங்கே இருக்கவேண்டும். அவன் இல்லாத நாளில் அவன் இடத்திற்கு வரும் அயலானுக்கு இங்கே ஒரு வீடும் இருக்கவேண்டும். இவ்விரண்டும் நம் கையில் உள்ளன.